காட்டுவது வேறு, கொடுப்பது வேறு

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா விற்பனை சட்டபூர்வமானது. மத்திய சட்டம் 18 வயதைக் கீழெல்லையாக வைத்தது. பெரும்பாலான மாகாணங்கள் அதை 19 ஆக்கின. அல்பேர்ட்டா 18-லேயே நின்றது. கியூபெக் 2020-இல் 21-க்கு உயர்த்தியது. ஒன்ராறியோவில் 19 நிறையாதவர் கடைக்குள் நுழையவே கூடாது. 25 வயதுக்குக் குறைவாகத் தோன்றும் எவரிடமும் அடையாள அட்டையை ஊழியர் கேட்டே ஆக வேண்டும். முப்பது வயதுக்காரருக்கு இது எரிச்சலூட்டலாம். ஆனால் முகத்தைப் பார்த்து வயதைக் கணிப்பதில் யாருடைய கண்ணும் தவறும். பதினேழு வயதுப் பையன் இருபத்திரண்டாகத் தெரிவதுண்டு. அந்தத் தவறுக்கு இடம் விட்டுத்தான் எல்லையை ஆறு ஆண்டுகள் தள்ளி வைத்திருக்கிறார்கள். இந்தச் சோதனை தேவை. அதே சமயம், சட்டம் கேட்பது வயதைப் பார்ப்பதைத்தான். அட்டையில் உள்ளதை எடுத்து வைத்துக்கொள்வதை அல்ல. பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

சாரதி அனுமதிப் பத்திரத்தில் பெயர், முகவரி, பிறந்த நாள், இலக்கம், படம் எல்லாம் ஒன்றாக இருக்கின்றன. ஊழியருக்குத் தேவை பிறந்த நாள், படம், அட்டை காலாவதியாகவில்லை என்ற உறுதி. சில நொடி பார்த்தால் போதும். அட்டையை ஸ்கேன் செய்து சேமித்தாலோ, இவர் கஞ்சா வாங்குபவர் என்ற பதிவு எங்கோ ஒரு கணினியில் உருவாகிவிடுகிறது. கனடாவின் தனியுரிமை ஆணையர் 2018 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த அபாயத்தை எடுத்துச் சொன்னது: கஞ்சா பல நாடுகளில் இன்னும் குற்றம், அதைப் பயன்படுத்தியவருக்கு அவை நுழைவை மறுக்கக்கூடும். அமெரிக்காவின் மத்திய சட்டத்திலும் அது தடைசெய்யப்பட்ட பொருளே. கசிவு நடக்காது என்று சொல்லவும் வழியில்லை. சட்டம் வந்த அடுத்த மாதமே, ஒன்ராறியோ அரசின் இணையக் கடையில் வாங்கிய சுமார் 4,500 பேரின் விநியோக விவரங்கள் அஞ்சல் துறையின் தேடல் கருவி வழியே வெளியாகின.

போலி அட்டையைக் கண்டுபிடிக்க ஸ்கேனர் வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கருவி அட்டையைச் சரிபார்க்கட்டும். சரிபார்த்தபின் விவரத்தை வைத்திருக்க என்ன காரணம்? முறையாகச் சோதித்தோம் என்பதற்குக் கடைக்குச் சான்று வேண்டுமென்றால், ஒன்ராறியோவின் உரிமம் பெற்ற கடைகளில் கமராப் பதிவு ஏற்கெனவே கட்டாயமாக இருக்கிறது. தேவைக்கு மேல் தகவல் சேகரிக்கக் கூடாது என்பது கனடாவின் தனியார் துறைத் தனியுரிமைச் சட்டத்தின் அடிப்படை விதி. இளையோரைக் காக்கவென்று வந்த சோதனை வாங்குபவரைப் பற்றிய கோப்பாக மாறுவதை நான் ஏற்க மாட்டேன்.

கெடுபிடி கூடினால் இளையோர் கள்ளச் சந்தைக்குப் போவார்கள் என்பது இன்னொரு வாதம். சிலர் போவார்கள்தான். ஆனால் அங்கே வயதையும் கேட்பதில்லை, பொருளையும் பரிசோதிப்பதில்லை. உரிமம் பெற்ற கடையும் அப்படியே ஆகிவிட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் எங்கே? இதைவிட எனக்குக் கவலை தருவது, தம்பிக்கோ நண்பனுக்கோ தானே வாங்கிக் கொடுக்கும் பெரியவர். 18 நிறையாதவருக்குக் கஞ்சா கொடுக்கும் பெரியவருக்கு 14 ஆண்டு வரை சிறை விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. குடியுரிமை பெறாத நிரந்தர வதிவாளருக்கு ஆபத்து இதோடு முடிவதில்லை. பத்து ஆண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கக்கூடிய குற்றத்தில் தண்டனை பெற்றால், குடிவரவுச் சட்டம் அதைப் பாரதூரமான குற்றமாகக் கொள்ளும். நாட்டில் இருக்கும் உரிமையே பறிபோகலாம். நம்மவர் வீடுகளில் இதை வெளிப்படையாகப் பேச வேண்டும்.

ஆகவே, அட்டை கேட்டால் தயங்காமல் காட்டுங்கள். ஸ்கேன் செய்யப் போனால், ஏன், எதைச் சேமிப்பீர்கள், எவ்வளவு காலம் என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் வேறு கடைக்குப் போகலாம். ஒன்ராறியோவில் சுகாதார அட்டையைக் காட்டும்படி கடைக்காரர் கட்டாயப்படுத்த முடியாது. உறுப்பினர் திட்டத்தில் பெயர் எழுதிக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. கடனட்டைப் பதிவு வேண்டாமென்றால் பணமாகக் கொடுக்கலாம். தனியுரிமை மீறப்பட்டதாகத் தோன்றினால் முதலில் கடை நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். தீராவிட்டால் தனியுரிமை ஆணையரிடம் முறையிடலாம். அல்பேர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா, கியூபெக் மாகாணங்களுக்குத் தனி ஆணையங்கள் உண்டு. சிறாருக்கு விற்பதைக் கண்டால், ஒன்ராறியோவில் புகார் செய்ய வேண்டிய இடம் மது, சூதாட்டக் கட்டுப்பாட்டு ஆணையம். கஞ்சாக் கடைகளுக்கு உரிமம் தருவதும் அதைப் பறிப்பதும் அதுவே.