மீன்தொட்டி விளக்கு யாருக்காக எரிகிறது?

உங்கள் வீட்டு மீன்தொட்டியில் கப்பி மீன்கள் சுறுசுறுப்பாக நீந்துகின்றன. ஆனால், கடையில் வாங்கியபோது பச்சைப்பசேலென்று இருந்த செடிகள் சில வாரங்களிலேயே பழுப்பேறிவிட்டன. கண்ணாடியில் பாசி படர்கிறது. தண்ணீரை மாற்றினீர்கள், தீனியையும் குறைத்தீர்கள். பயனில்லை. மாணவர்களே, ஒருமுறை தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். கோளாறு அங்கிருக்கும் விளக்கில் இருக்கலாம்.

மீன்களைப் பார்த்து ரசிக்க எந்த விளக்கும் போதும். செடிகளுக்கு அப்படி அல்ல. ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய ஆற்றல் முழுவதும் அவற்றுக்கு அந்த விளக்கிலிருந்துதான் கிடைக்கிறது. எனவே, மீன்தொட்டி விளக்கை நம் கண்ணுக்காக அல்லாமல் செடிக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

குழலுக்குள் என்ன நடக்கிறது?

பல தொட்டிகளில் இன்றும் இருப்பது குழல்விளக்குதான். மலாய்மொழியில் 'லம்பு கலிமந்தாங்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதன் கண்ணாடிக் குழலுக்குள் மிகச் சிறிதளவு பாதரச ஆவி இருக்கிறது. மின்சாரம் பாயும்போது எலெக்ட்ரான்கள் பாதரச அணுக்களில் மோதுகின்றன. அணுக்கள் ஆற்றலைப் பெற்று, பின்னர் அதைப் புற ஊதாக் கதிராக வெளிவிடுகின்றன. அது நம் கண்ணுக்குத் தெரியாது. குழலின் உட்புறம் பூசப்பட்டுள்ள வெண்ணிறப் பாஸ்பர் பூச்சு அக்கதிரை உள்வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றுகிறது. எந்தப் பாஸ்பரைப் பூசுகிறார்களோ அதைப் பொறுத்து ஒளியின் நிறம் அமைகிறது.

பச்சையம் நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் அதிகமாக உறிஞ்சுகிறது. பச்சை ஒளியைக் குறைவாகவே உறிஞ்சுகிறது. நம் கண்ணோ ஏறக்குறைய 555 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட மஞ்சள்பச்சை ஒளிக்குத்தான் மிகக் கூர்மையாக இருக்கிறது. விளக்குப் பெட்டியில் அச்சிடப்படும் 'லூமென்' அளவு நம் கண்ணின் உணர்திறனை வைத்துக் கணக்கிடப்படுவது. ஆகவே, கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் விளக்கு செடிக்கும் நல்ல விளக்காக இருக்கும் என்று சொல்ல முடியாது.

எண்களைப் படியுங்கள்

குழலின் ஓரத்தில் சிறிய எழுத்தில் 'டி8', '18 வாட்', '865' போன்ற குறிப்புகள் இருக்கும். 'டி8' என்பது குழலின் விட்டம். ஓர் அங்குலத்தின் எட்டில் எட்டு, அதாவது ஓர் அங்குலம். 'டி5' என்றால் எட்டில் ஐந்து, ஏறக்குறைய 16 மில்லிமீட்டர்.

'865' என்பதில் முதல் இலக்கமான 8, அந்த ஒளியில் பொருள்களின் நிறம் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதைக் காட்டுகிறது. 100க்கு 80 அல்லது அதற்குச் சற்று மேல் என்று பொருள். அடுத்த 65, நிற வெப்பநிலை 6,500 கெல்வின் என்பதைக் குறிக்கிறது. இது பகல் வெளிச்சத்தை ஒத்த வெண்மை. செடிகள் உள்ள நன்னீர்த் தொட்டிக்கு ஏற்றது. '830' என்றால் 3,000 கெல்வின். வரவேற்பறைக்கு உகந்த மஞ்சள் சாயல். அடர்நீலக் குழல்கள் கடல்நீரில் பவளம் வளர்ப்போருக்காகச் செய்யப்படுபவை. அழகாக இருக்கிறதே என்று அவற்றைக் கப்பித் தொட்டிக்கு வாங்கிவிடாதீர்கள்.

எத்தனை வாட் வேண்டும்?

60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 36 செ.மீ. உயரமும் கொண்ட தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு சுமார் 65 லிட்டர். குறைந்த ஒளியில் வளரும் செடிகளுக்கு லிட்டருக்குக் கால் முதல் அரை வாட் வரை என்பது குழல்விளக்கு பயன்படுத்துவோர் கடைப்பிடிக்கும் தோராயக் கணக்கு. அப்படியானால் 16 முதல் 32 வாட் வரை தேவை.

இங்கே பலர் ஏமாறும் ஓர் இடம் உண்டு. 18 வாட் டி8 குழல், முனையிலுள்ள ஊசிகளையும் சேர்த்தால் 60 செ.மீ.யைச் சற்றுத் தாண்டிவிடும். 60 செ.மீ. தொட்டியின் மூடிக்குள் அது அடங்காது. சுமார் 44 செ.மீ. நீளமுள்ள 15 வாட் டி8 குழல்கள் இரண்டு, அல்லது 55 செ.மீ. நீளமுள்ள 24 வாட் டி5 குழல் ஒன்று பொருந்தும். கடைக்குப் போகுமுன் மூடியின் உட்புறத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

செடியையும் ஒளிக்கேற்பத் தேர்ந்தெடுங்கள். ஜாவா பெரணி, ஜாவா பாசி ஆகியவை குறைந்த ஒளியிலும் வாழும். மலேசியக் காட்டு நீரோடைகளில் நிழலில் வளரும் கிரிப்டோகோரைன் செடிகளும் அப்படியே. விளக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். இரவு முழுவதும் எரியவிட்டால் செடியைவிடப் பாசிக்குத்தான் கொண்டாட்டம்; மீன்களுக்கும் இருளும் ஓய்வும் வேண்டும். நேரத்தை நினைவு வைத்துக்கொள்வது சிரமமாக இருந்தால், டைமர் ஒன்றைப் பொருத்திவிடலாம்.

பொருத்தும்போது உயிரும் முக்கியம்

குழல் எல்லாத் திசையிலும் ஒளி வீசுகிறது. மேல்நோக்கிச் செல்லும் ஒளி செடிக்குப் பயன்படாது. குழலுக்கு மேலே பளபளப்பான அலுமினியத் தகடு பொருத்தப்பட்ட விளக்கை வாங்கினால், அந்த ஒளியின் பெரும்பகுதி தண்ணீருக்குத் திரும்பும். குழலுக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு கண்ணாடி மூடி இருக்கட்டும். அது நீராவியையும் மீன் துள்ளும்போது தெறிக்கும் தண்ணீரையும் தடுக்கும். அக்கண்ணாடியை வாரம் ஒருமுறை துடையுங்கள். அதில் படியும் உப்பும் அழுக்கும் ஒளியை மறைத்துவிடும்.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். நனைந்த கை மின்சாரத்தை எளிதில் கடத்தும். ஆகவே, குழலின் இரு முனைகளிலும் நீர் புகாத ரப்பர் உறை கட்டாயம் வேண்டும். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பாலாஸ்ட் சூடாகும். அது விளக்குக்குள்ளேயே இல்லாமல் தனியாக இருந்தால், தண்ணீர் படாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

மின்கம்பியைத் தொட்டியிலிருந்து நேராகச் சுவிட்சுக்குக் கொண்டு போகாதீர்கள். சுவிட்சுக்குக் கீழே வளைந்து தொங்கி, பிறகு மேலேறும்படி விடுங்கள். கம்பி வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும்; சுவிட்சுக்குள் புகாது. அதோடு, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தை உடனே துண்டிக்கும் கருவி வீட்டில் இருக்கிறதா, அதன் உணர்திறன் 30 மில்லிஆம்பியரா என்று பெற்றோரிடம் கேளுங்கள். தொட்டிக்குள் கைவிடுவதற்கு முன் சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றுவது மாற்றமுடியாத விதி. கம்பி இணைப்பு வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிடுங்கள்.

குழல் விடைபெறும் காலம்

பாஸ்பர் பூச்சு நாளடைவில் வலுவிழக்கும். குழல் எரிந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் ஒளி குறைந்திருக்கும். அதனால்தான் செடி வளர்ப்போர் பலர் ஆண்டுக்கொருமுறை குழலை மாற்றுகிறார்கள். கழற்றிய குழலைக் குப்பைத்தொட்டியில் வீசாதீர்கள். உள்ளே இருக்கும் பாதரசம் சில மில்லிகிராம்தான் என்றாலும் அது நஞ்சு. மின்கழிவு சேகரிப்பு இடத்தில் உடையாமல் ஒப்படையுங்கள்.

பாதரச நஞ்சால் மக்கள் பாதிக்கப்பட்ட ஜப்பானிய ஊரான மினமாட்டாவின் பெயரில் ஓர் உலக உடன்படிக்கை இருக்கிறது. அதில் இணைந்த நாடுகள் 2023இல் கூடி, குழல்விளக்குகளின் உற்பத்தி, ஏற்றுமதி, இறக்குமதி ஆகியவற்றை 2027ஆம் ஆண்டோடு முடிவுக்குக் கொண்டுவர ஒப்புக்கொண்டன. இனி நீங்கள் வாங்கப்போவது எல்இடி விளக்காகவே இருக்கலாம். அப்போதும் கேட்க வேண்டிய கேள்விகள் இவையேதான். எத்தனை கெல்வின்? மூடிக்குள் அடங்குமா? தண்ணீர் புகாதா? வாட் கணக்கு மட்டும் மாறும். குறைந்த வாட்டிலேயே எல்இடி அதே அளவு ஒளி தரும்.

செய்து பாருங்கள்

இரவில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, எரியும் குழலிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். பழைய குறுந்தட்டு ஒன்றின் பளபளப்பான பக்கத்தை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். ஊதா, பச்சை, செம்மஞ்சள் எனத் தனித்தனிப் பட்டைகள் தெரியும். எல்இடி விளக்கில் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து தொடர்ச்சியாகத் தெரியும். இரண்டையும் வரைந்து, பச்சையம் விரும்பும் நிறங்கள் எதில் எப்படி இருக்கின்றன என்று வகுப்பில் ஆசிரியருடன் கலந்து பேசுங்கள். சூரியனை மட்டும் இப்படிப் பார்க்கவே கூடாது.