வளரும் மூளையும் கஞ்சாவும்

"கஞ்சா இயற்கையாக வளரும் செடிதானே? அதனால் என்ன தீங்கு வந்துவிடப்போகிறது?" என்று சிலர் கேட்பதுண்டு. அரளியும் இயற்கையாக வளரும் செடிதான். ஆனால், அதன் விதை உயிரைக் கொல்லும் நஞ்சு. எனவே, ஒரு பொருள் எங்கிருந்து வருகிறது என்பதைவிட, அது நம் உடலில் என்ன செய்கிறது என்பதையே நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

நம் மூளையில் உள்ள கோடிக்கணக்கான நரம்பணுக்கள் இரசாயனங்களின் மூலம் செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றன. அவற்றைப் பெறுவதற்கென நரம்பணுக்களில் ஏற்பிகள் இருக்கின்றன. கஞ்சாவில் உள்ள டி.எச்.சி. என்னும் இரசாயனம், பூட்டுக்குள் நுழையும் கள்ளச்சாவியைப்போல இந்த ஏற்பிகளில் பொருந்திக்கொள்கிறது. அதனால், நினைவாற்றல், கவனம், உடல் சமநிலை ஆகியவை பாதிக்கப்படுகின்றன.

இந்தப் பாதிப்பு இளையர்களுக்கு ஏன் அதிகம்? மனித மூளை ஏறக்குறைய 25 வயதுவரை வளர்கிறது. திட்டமிடவும் ஆசைகளைக் கட்டுப்படுத்தவும் உதவும் முன்மூளைப் பகுதியே கடைசியாக முதிர்ச்சியடைகிறது. அந்த வளர்ச்சிக் காலத்தில் கஞ்சாவைப் பயன்படுத்தினால், பாடங்களைக் கற்பதும் நினைவில் வைத்திருப்பதும் கடினமாகலாம். பதின்ம வயதில் இப்பழக்கத்தைத் தொடங்குவோரில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் அதற்கு அடிமையாகிறார். இல்லாத குரல்கள் கேட்பது போன்ற கடுமையான மனநோய் ஏற்படும் அபாயமும் கூடுகிறது. குடும்பத்தில் யாருக்கேனும் அந்நோய் இருந்தால், அபாயம் இன்னும் அதிகம்.

கஞ்சா புகையாக மட்டும் வருவதில்லை. மிட்டாய், பிஸ்கட் போன்ற தின்பண்டங்களிலும் அது கலக்கப்படுகிறது. இவற்றை உண்டவருக்குப் போதை ஏற ஒரு மணி நேரத்திற்கு மேலும் ஆகலாம். அதற்குள், "ஒன்றும் ஆகவில்லையே" என்று எண்ணி அவர் மேலும் உண்டால், ஆபத்தான அளவு உடலில் சேர்ந்துவிடும்.

"சில நாடுகளில் கஞ்சாவுக்கு அனுமதி உண்டே" என்றும் சிலர் வாதிடுவர். கனடா 2018இல் பெரியவர்களுக்கு அனுமதி அளித்தது உண்மைதான். ஆனால், அங்கும் 18 வயதுக்குட்பட்டோருக்குக் கஞ்சா விற்பது குற்றமாகும். சிங்கப்பூரிலோ எந்த வயதினரும் அதைப் பயன்படுத்தக் கூடாது. மீறுவோருக்கு 10 ஆண்டுவரை சிறைத்தண்டனை, 20,000 வெள்ளிவரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். சிங்கப்பூரரும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் பயன்படுத்தினாலும் இச்சட்டம் அவர்களைக் கட்டுப்படுத்தும்.

பெரும்பாலும் கஞ்சாவை முதலில் நீட்டுவது அந்நியரல்லர், பழகிய நண்பரே. அப்போது, "எனக்கு வேண்டாம்" என்று உறுதியாகக் கூறிவிட்டு அங்கிருந்து விலகுங்கள். நண்பர் ஒருவர் ஏற்கெனவே இப்பழக்கத்தில் சிக்கியிருந்தால், அவரை ஒதுக்காதீர்கள். பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ பேசுமாறு அவரை ஊக்குவியுங்கள். உதவி எவ்வளவு விரைவில் கிடைக்கிறதோ, அவ்வளவு விரைவில் அவர் மீண்டுவர வழி பிறக்கும்.