பட்டத்தின் விலை

சென்ற வைகாசி மாதத்தில் ஒரு நாள் மாலை, எங்கள் அரசாங்கப் பள்ளியில் படித்துத் தேறிய மாணவி ஒருத்தியின் தகப்பனார் மகளையும் அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் இருந்தது, 40 சென்ட் நஞ்சை நிலத்தின் பத்திரம்.

"வாத்தியாரையா! பெண்ணை எஞ்சினீயரிங் படிக்க வைக்க வேண்டும். தனியார் கல்லூரியில் இடம் பிடித்துத் தருவதாக ஒரு தரகர் சொல்கிறார். இந்த வாரமே முன்பணம் கட்ட வேண்டுமாம். நிலத்தை விற்றுவிடலாமா?" என்று கேட்டார்.

நேயர்களே, எனக்கு உடனே நா எழவில்லை. என் பட்டமும் விலை கொடுத்து வாங்கியதுதான். நான் பி.எஸ்ஸி. படித்த மூன்று வருஷமும் வீட்டில் ஒருவன் சம்பாத்தியம் இல்லாமற் போயிற்று. தங்கையின் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. கல்லூரியில் பணம் கட்டிய ரசீதுகளை இன்றும் வைத்திருக்கிறேன். அவற்றில் அவள் பெயர் எங்கும் இல்லை.

தரகர் சொல்லாமல் விட்டவற்றை எடுத்துச் சொன்னேன். ஆறாம் வகுப்பிலிருந்து அரசாங்கப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் 2021 முதல் எஞ்சினீயரிங் படிப்பில் 7.5 சதவிகித ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் பெற்றால் கட்டணத்தை அரசாங்கமே ஏற்கிறது. குடும்பத்தின் முதற் பட்டதாரிக்கு 2010 முதல் கட்டணச் சலுகையும் உண்டு. ஆனால் இவை யாவும் கலந்தாய்வின் மூலம் சேர்பவர்களுக்கே. நிர்வாக ஒதுக்கீட்டில் முன்பணம் கட்டியவர், இவற்றைத் தாமே கைகழுவியவர் ஆகிறார். பெண்களுக்கு மாதந்தோறும் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் 2022 முதல் நடந்து வருகிறது.

"பாங்கியில் கடன் வாங்கினால்?" என்றார். வாங்கலாம்; குற்றமில்லை. ஆனால் தவணை கட்டுவது படிப்பு முடிந்த பிறகுதான் என்றாலும், வட்டி அதுவரை தூங்குவதில்லை. பெண் வகுப்பில் இருக்கும்போதே அது வளர்ந்துகொண்டிருக்கும்.

பிறகு பெண்ணைப் பார்த்து, "உனக்கு எதிலே விருப்பம், அம்மா?" என்றேன். அதுவரை யாரும் அவளைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"கணக்கு, ஸார்" என்றாள்.

தகப்பனாரின் முகம் வாடியது. "கணக்குப் படித்தால் யார் வேலை கொடுப்பார்கள்?"

நியாயமான கேள்வி. 1857-ல் தோன்றிய சென்னை சர்வகலாசாலையின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவரில் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளை. பட்டம் அவருக்கு உத்தியோகம் தந்தது. அவர் வாங்கிய சம்பளம் இன்று யாருக்கு நினைவிருக்கிறது? செல்லரித்துக்கொண்டிருந்த ஏடுகளைத் தேடி எடுத்து, 1887-ல் கலித்தொகையை அச்சேற்றினாரே, அது நிற்கிறது. ஆயினும் 40 சென்ட் நிலத்தை நம்பி வாழ்கிறவரிடம் கலித்தொகையைப் பற்றிப் பேசுவது அழகா? நான் பேசவில்லை. அரசாங்கக் கலைக் கல்லூரியில் கணித வகுப்புக்கு ஆகும் தொகையை மட்டும் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார்.

மறுநாள் கலந்தாய்வுக்கும் கலைக் கல்லூரிக்கும் சேர்த்தே விண்ணப்பம் போட்டோம். எது கிடைத்தாலும், எதில் சேருவது என்பதை அவளே தீர்மானிப்பதாக ஏற்பாடு. பத்திரம் பையை விட்டு வெளியே வரவில்லை.

புறப்படும்போது, "தரகருக்கு என்ன பதில் சொல்வது, வாத்தியாரையா?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள், "நான் சொல்லிக்கொள்கிறேன், அப்பா" என்றாள் பெண்.