மலையேறும் நம்பிக்கை, மலையிறங்காத நோய்

"எத்தனை நாளா இப்படி இருக்கு?" மனநல மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று. பதில் பெரும்பாலும் நாள் கணக்கில் வருவதில்லை. "ரெண்டாவது புள்ள பொறந்ததுல இருந்து", "அவரு போனதுல இருந்து", "போன வருஷம் மரவள்ளிக்கு விலை விழுந்தப்ப இருந்து" என்று மாதமாகவும் ஆண்டாகவும் வரும். அதற்குள் இரண்டு தாயத்தும் மூன்று பரிகாரமும் முடிந்திருக்கும். மெடிக்கல் கடையில் வாங்கிய மாத்திரை அட்டைகளும் காலியாகியிருக்கும்.

2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் 18 வயதைக் கடந்த 20 பேரில் ஒருவர் வாழ்வில் ஒரு முறையாவது மனச்சோர்வு நோய்க்கு ஆளாகிறார். அவர்களில் ஏறத்தாழ 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைப்பதில்லை.

ஒரே சாலை, இரண்டு திசை

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. சித்தர்களுக்கும் மூலிகைக்கும் பேர்போன மலை, மாந்திரீகத்துக்கும்தான். தூக்கம் போனவர்களையும், யாரிடமும் பேசாமல் மூலையில் உட்கார்ந்துவிட்டவர்களையும் 'செய்வினை எடுக்க' என்று சமவெளியிலிருந்து இங்கே அழைத்து வருகிறார்கள். மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களோ மனநலச் சிறப்பு மருத்துவரைப் பார்க்கப் பெரும்பாலும் இதே வளைவுகளில் நாமக்கல்லுக்கு இறங்க வேண்டியிருக்கிறது. ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு வேறு. அவர்கள் தாமதிப்பதற்குக் காரணம் உண்டு. காரும் கையில் காசும் உள்ள சமவெளிக் குடும்பங்கள் தாமதிப்பதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

கொல்லிமலையின் அறப்பளீஸ்வரர் சன்னதியில் கண்மூடி உட்கார்ந்தால் மனம் அடங்குகிறது என்றால், தாராளமாக உட்காரலாம். எந்த மருத்துவரும் அதைத் தடுப்பதில்லை. கோயிலோடு நின்றுவிடுவதுதான் ஆபத்து. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தர்காவை நம்பி அழைத்து வரப்பட்ட மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகினார்கள். மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது.

கல்யாணம் மருந்தல்ல

"கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்." இந்த ஒரு வாக்கியம் எத்தனை பெண்களின் வாழ்க்கையைக் குலைத்திருக்கிறது! ஒருவரின் நோய் தீராததோடு, ஏதும் அறியாமல் வந்த இன்னொருவரும் சேர்ந்து தவிக்கிறார்.

"நரம்புத் தளர்ச்சி" என்பது அடுத்த தவறான நம்பிக்கை. அந்தப் பெயரில் டானிக் விற்பவர்களுக்கு நல்ல வியாபாரம். படபடப்பு, நெஞ்சடைப்பு, தீராத தலைவலி, வயிற்றுப் புரட்டல் என்று பதற்றமும் சோர்வும் உடம்பின் வழியாகவே பேசுகின்றன. ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் உறுதி செய்துகொள்ள வேண்டும். வேறு உடல்நோய் இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகும் ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுத்து அலைவதில் பயனில்லை.

"சோம்பேறித்தனம்", "வேலை செஞ்சா மறந்துடும்" என்பார்கள். விடிந்ததும் காட்டுக்குப் போய், மாலையில் அடுப்பு மூட்டி, இரவில் தூங்காமல் விட்டத்தைப் பார்த்துக் கிடக்கும் பெண்ணிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

குடித்தால் தூக்கம் வரும் என்பது ஆண்களின் வைத்தியம். கண் சொருகும், உண்மைதான். நடு இரவில் விழிப்பும் வரும். மறுநாள் சோர்வு இன்னும் ஆழமாகும்.

கடைக்காரர் டாக்டர் இல்லை

அல்பிரசோலம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரைகளைச் சீட்டு இல்லாமல் விற்பது குற்றம். பக்கத்து வீட்டுக்காரரின் மீதி மாத்திரையை வாங்கிப் போடுவதும் ஆபத்து. தொடர்ந்து போட்டால் பழக்கமாகும். திடீரென நிறுத்தினால் வலிப்பு வரை கொண்டுபோகலாம். மனச்சோர்வுக்கு மருத்துவர் தரும் மாத்திரை வேறு. அது போதை தருவதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் பிடிக்கும். பத்தாம் நாளே "ஒண்ணும் கேக்கல" என்று தூக்கி எறிபவர்கள்தான் மறுபடி மந்திரவாதியிடம் நிற்கிறார்கள். சரியானதும் தாங்களே நிறுத்துபவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள்.

யாரிடம் பேசுவது?

ஜிம்பாப்வேயின் ஹராரேயில் 2006 முதல் பாட்டிமார்கள் மருத்துவமனை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களின் துயரத்தைக் கேட்கிறார்கள். மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா அவர்களுக்குப் பயிற்சி தந்தார். நோயின் கடுமை குறைவதை ஆய்வுகள் உறுதி செய்தன. நம் ஊரில் அந்தப் பெஞ்சை மகளிர் சுயஉதவிக் குழுவும் திண்ணையும் தர முடியும். அறிவுரை சொல்லாமல் அரை மணி நேரம் காது கொடுத்தால் போதும். அதன்பிறகு, "நானும் வர்றேன், ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று கூடவே கிளம்ப வேண்டும்.

சோர்வோ பயமோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காத்திருக்க வேண்டாம். "செத்துப்போயிடலாம்னு இருக்கு" என்று யாராவது சொன்னால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அனுப்புவார்கள். மலையிறங்க வழியில்லாதவர்கள், சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று 14416 என்ற எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.