மழைக்கு ஒரு பலகை

கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைக்கு வரும் ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தால் ஸ்டேஷன் பலகைகளை வாசித்துக்கொண்டே வாருங்கள். மலைநாட்டில் பல பலகைகளில் ஊர்ப் பெயரோடு கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்ற கணக்கும் இருக்கும். பட்டிப்பொல தாண்டி 1,890 மீட்டருக்கு மேல் ஏறிய பாதை, எல்லயில் 1,041க்கு இறங்கி, தெமோதரையில் மலையைச் சுற்றித் தன் ஸ்டேஷனுக்கு அடியிலேயே நுழைந்து, பதுளையில் 652இல் முடிகிறது. 1924இல் ரயில் இங்கே வந்து சேர்ந்தது. பயணிக்குப் புள்ளிவிவரம் காட்டும் வழக்கம் நமக்குப் புதிதல்ல.

இன்று அதையே கலையாக்குகிறார்கள். கலிபோர்னியாவில் சான் ஹோசே விமான நிலையத்தில் 2010இல் வைத்த 'ஈகிளவுட்', கூரையில் தொங்கும் ஒரு மேகம். உலகத்து ஊர்களின் வானிலைக்கு ஏற்ப அதன் சிறு ஓடுகள் தெளியும், மங்கும். அழகுதான். ஆனால் அங்கே மழை என்றால் குடையை எடுப்பதா, விடுவதா என்பதோடு சரி.

இங்கே அப்படியா? 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியது. அங்கே ஆபத்து என்று அதற்குப் பல வருடம் முன்பே சொல்லப்பட்டிருந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தையும் மலைநாட்டு ரயில்பாதையையும் சேர்த்தே உடைத்தது.

மண்சரிவுக்கும் ஒரு மழைக்கணக்கு உண்டு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் விழிப்பு. 100 என்றால் ஆயத்தம். 150 என்றால் வெளியேற வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதை வைத்துத்தான் எச்சரிக்கை விடுகிறது. லயத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கணக்குப் புரியாத சனமில்லை. கொழுந்து நிறுக்கையில் ஒரு கிலோ குறைந்தாலும் சண்டை பிடிக்கிற சனம்.

இந்தக் கணக்கைக் கண்ணுக்குக் காட்ட, பதுளை ஸ்டேஷனில் ஆளுயரக் கண்ணாடிக் குழாய்கள் நான்கு வைக்கலாம்: பசறை, லுணுகலை, ஹப்புத்தளை, கொஸ்லந்தை. அந்தந்த ஊரில் பெய்த அளவுக்கு நீலத் தண்ணீர் ஏறட்டும். 75இல் மஞ்சள் கோடு, 100இல் செம்மஞ்சள், 150இல் சிவப்பு. எழுதுவது மூன்று மொழியிலும். தமிழை மட்டும் தயவுசெய்து தமிழ் தெரிந்தவரிடம் காட்டிவிட்டு எழுதுங்கள். பலகைகளில் அது படுகிற பாடு போதும்.

ஒரு சங்கடம். கொட்டுகிற மழையில் ஸ்டேஷனுக்கு யார் வருவார்? ரயிலே ஓடாது. ஆகவே முதல் குழாயைத் தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் நடுங்கள். ஸ்டேஷனுக்கு அடுத்தது வரட்டும்.