எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு கிடங்கு

ஆனேக்கல் பட்டுத் தறிகளிலிருந்து சேலைகளை வாங்கி இணையத்தில் விற்றுவரும் வாடிக்கையாளர் ஒருவர், தம் கேஷ் கிரெடிட் வரம்பை மூன்று இலட்சம் ரூபாய் உயர்த்தித் தருமாறு கேட்டு எமது கிளைக்கு வந்திருந்தார். நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 ஆர்டர்கள். வீட்டின் முன்னறையே கிடங்கு. பொதி கட்டுவோர் அவரும் அவருடைய நாத்தனாரும்.

"முடியவில்லை சார். ஓசூரில் ஒரு நிறுவனம் இருக்கிறது. சரக்கை அவர்களே வைத்துக்கொண்டு, ஆர்டர் வந்ததும் பொதி கட்டி அனுப்பிவிடுவார்களாம். வாடகையும் இங்கே கேட்பதைவிடக் குறைவு" என்று கட்டண விவரத் தாளை நீட்டினார்.

வாடகையை நான் பிறகுதான் பார்த்தேன். முதலில் பார்த்தது முகவரியை.

அத்திப்பள்ளியைத் தாண்டினால் தமிழ்நாடு. பேருந்தில் அது சிறிது தூரமே. ஜிஎஸ்டி சட்டத்தில் அது நெடுந்தூரம். விற்பனைக்குரிய சரக்கை வேறு மாநிலத்தில் வைத்து அங்கிருந்து விற்பவர், அம்மாநிலத்தில் தனிப் பதிவு பெற வேண்டும். தம்முடைய சரக்கையே தம்முடைய மற்றொரு பதிவுக்கு அனுப்பினாலும் அது வழங்கலாகக் கருதப்படும். சேலைக்கு 5 சதவீத ஒருங்கிணைந்த வரி உண்டு. மதிப்பு 50,000 ரூபாயைக் கடந்தால் இ-வே பில்லும் வேண்டும். செலுத்திய வரியை அங்கே வரவு எடுத்துக்கொள்ளலாம் என்பது உண்மையே. ஆனால் படிவங்கள் இரட்டிக்கும்; கணக்கருக்குத் தரும் கட்டணமும் கூடும். கர்நாடகத்துக்குள்ளேயே கிடங்கு அமைந்தால், இருக்கும் பதிவில் கூடுதல் வணிக இடமாக அதைச் சேர்த்தால் போதும்.

இந்த வசதியும் முன்பு இத்தனை தெளிவாக இருக்கவில்லை. 2014ஆம் ஆண்டில், அமேசான் கிடங்கில் சரக்கு வைத்து விற்ற வணிகர்கள் அக்கிடங்கைத் தங்கள் கூடுதல் வணிக இடமாகக் காட்டுவதைக் கர்நாடக வணிக வரித் துறை ஏற்க மறுத்தது. பலருடைய பதிவுகள் ரத்தாயின. சரக்கு ஒருவருடையது, கூரை மற்றொருவருடையது என்ற ஏற்பாடு அன்றைய விதிகளுக்குப் புதிது.

அடுத்து, எடை. கூரியர் நிறுவனங்கள் உண்மை எடை, கன அளவு எடை ஆகியவற்றுள் எது மிகுதியோ அதற்கே கட்டணம் கேட்கும். நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பது பொதுவான வழக்கம். அந்நிறுவனம் தரும் பெட்டி 30, 25, 10 சென்டிமீட்டர். கணக்குப்படி ஒன்றரைக் கிலோ. உள்ளே இருக்கும் சேலையோ முக்கால் கிலோவுக்கும் குறைவு. எனவே எந்த அளவுப் பெட்டியில் அனுப்புவார்கள் என்று கேளாமல் கட்டணத்தை ஒப்பிடுவது வீண்.

பொருளைப் பெற்றபின் பணம் தரும் முறையையும் இந்நிறுவனத்தின் வழியே தொடங்கலாம் என்று அவர் எண்ணியிருந்தார். வசூலான தொகை, பொருளை ஒப்படைத்த பத்தாம் நாள் வரும் என்று தாளில் இருந்தது. நான் கால்குலேட்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். 20 ஆர்டர், சராசரி 2,000 ரூபாய், பாதிப் பேர் இம்முறையில் வாங்கினால் ஒரு நாளைக்கு 20,000 ரூபாய். பத்து நாளில் இரண்டு இலட்சம் எப்போதும் பிறர் கையில் நிற்கும். அவர் கேட்ட கடன் உயர்வில் மூன்றில் இரு பங்கு அங்கேயே முடங்கிவிடும். வட்டி மட்டும் அவருடையது. வாங்க மறுத்துத் திரும்பும் பொதிகளுக்கு இருவழிக் கட்டணம் உண்டு. திரும்பிய சேலையைப் பிரித்துப் பார்த்து, மடிப்பு மாறாமல் மீண்டும் வைப்பவர் யார் என்ற கேள்விக்குத் தாளில் விடையே இல்லை. பட்டுச் சேலை வியாபாரத்தில் மடிப்புக் கலைந்தால் விலை கலைந்த மாதிரிதான்.

இனி வங்கியின் கவலை. அந்தச் சரக்கு எமக்கு ஹைப்பாதிகேஷனில் உள்ளது. மாதந்தோறும் தரும் சரக்கு அறிக்கையைக் கொண்டே எடுப்பு வரம்பைக் கணக்கிடுகிறோம். சரக்கு எங்கே இருந்தாலும் நாங்கள் சென்று பார்க்க இயல வேண்டும். ஒப்பந்தத்தின் பின்பகுதியில், கட்டணப் பாக்கி இருந்தால் சரக்கைப் பிடித்து வைக்கும் உரிமை அந்நிறுவனத்துக்கு உண்டு என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. எமது உரிமையோடு இது நேரே மோதும். அவர் அந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்கவே இல்லை.

காப்பீடும் அவ்வாறே. தீ விபத்துப் பாலிசி அதில் எழுதியுள்ள முகவரிக்கே பொருந்தும். அவருடைய பாலிசியில் இருந்தது வீட்டு முகவரி. 2023 அக்டோபர் 7 அன்று அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடையும் கிடங்கும் தீப்பற்றியதில் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர்கள். இப்பகுதியில் அதை மறந்தவர் இல்லை. பக்கத்துக் கிடங்கில் என்ன வைத்திருக்கிறார்கள் என்பதை நேரில் சென்று பார்த்துவிட்டு வருமாறு அவரிடம் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து அவர் மீண்டும் வந்தார். ஓசூரை விட்டுவிட்டு, அத்திப்பள்ளிக்கு இப்பால் சற்றுக் கூடுதல் வாடகையில் ஓர் இடம் பார்த்திருந்தார். வேகமாக விற்கும் நாற்பது வகைகள் மட்டும் அங்கே. விலையுயர்ந்த பட்டு வீட்டிலேயே. பிடித்து வைக்கும் விதியை நீக்கச் செய்திருந்தார். வசூல் தொகை வாரம் இருமுறை வருமாறும் பேசி முடித்திருந்தார். கடன் உயர்வை ஒன்றரை இலட்சமாகக் குறைத்துக் கேட்டார், மேலாளர் அனுமதித்தார். அவருடைய சரக்கு அறிக்கையிலும் பாலிசியிலும் இப்போது இரண்டு முகவரிகள் உள்ளன.