ரெக்கார்டு போட்டாலே வூஃபர் நடுங்குதா? புது ஸ்பீக்கர் வாங்கும் முன் இதைப் பாருங்க!

பரணில் கிடந்த எம்.எஸ்.வி., இளையராஜா ரெக்கார்டுகளைத் தூசி தட்டி எடுத்து, டர்ன்டேபிள் வாங்கிக் கேட்க ஆரம்பித்தவர்கள் பலருக்கும் வரும் சிக்கல் இது. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினதும் 'ஊஊம்' என்று ஓர் ஓலம். இல்லையென்றால், பாட்டில் பேஸே இல்லாத இடத்திலும் வூஃபரின் கூம்பு முன்னும் பின்னும் ஆடும்.

உடனே 'ஸ்பீக்கர் போச்சு' என்று முடிவு கட்டி, பலர் புது வூஃபருக்குக் காசு செலவழிக்கிறார்கள். மாற்றிய பிறகும் அதே ஆட்டம்தான். காரணம், கோளாறு பெரும்பாலும் ஸ்பீக்கரில் இருப்பதில்லை. டர்ன்டேபிள் இருக்கும் இடத்தில் இருக்கிறது.

ஏன் ஓலமிடுகிறது?

கல்யாண மண்டபத்தில் மைக் 'கீய்ங்' என்று கத்துவதைக் கேட்டிருப்பீர்கள். ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் புகுந்து, ஆம்ப்ளிஃபையரில் பெருகி, மறுபடியும் ஸ்பீக்கர் வழியாக வந்து மைக்குக்குள்ளேயே போகும். இந்தச் சுழற்சிக்கு டென்மார்க் விஞ்ஞானி சோரன் லார்சன் பெயரில் 'லார்சன் விளைவு' என்று பெயர்.

டர்ன்டேபிளில் அந்த மைக்கின் வேலையை ஊசி செய்கிறது. ஸ்பீக்கரின் அதிர்வு மேசை, தரை, காற்று வழியாக ஊசிக்கு வந்தால், அதையும் பாட்டு என்றே நினைத்து ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பிவிடும்.

ரெக்கார்டில் பேஸைக் குறைத்துத்தான் பதிவார்கள். கேட்கும்போது ஆம்ப்ளிஃபையர் அதை மீண்டும் கூட்டும். 1954-ல் வந்த 'ஆர்.ஐ.ஏ.ஏ.' அளவுகோல்படி, 1000 ஹெர்ட்ஸ் ஒலியோடு ஒப்பிட்டால் 20 ஹெர்ட்ஸ் ஒலி சுமார் 10 மடங்கு கூட்டப்படுகிறது. மேசை நடுக்கமும் அதே கணக்கில் பெருகும்.

அப்பா காலத்தில் இது இல்லையே?

அன்றைய வீட்டு பிளேயர்கள் பலவற்றில் சின்ன ஸ்பீக்கர்தான்; ஆழமான பேஸ் வராது. இன்று அதே ரெக்கார்டைப் பெரிய வூஃபரில் போடுகிறோம். போதாக்குறைக்கு டர்ன்டேபிள், ஸ்பீக்கர் இரண்டையும் ஹாலில் ஒரே ஷோகேஸில் வைத்துவிடுகிறோம்.

வீட்டிலேயே மூன்று சோதனை

1. மோட்டாரை நிறுத்துங்கள். நிற்கும் ரெக்கார்டின் மேல் ஊசியை வைத்து, சத்தத்தை மெல்லக் கூட்டுங்கள். 'ஊம்' என்று ஆரம்பித்தால் அது ஃபீட்பேக். உடனே சத்தத்தைக் குறைத்துவிடுங்கள்.

2. குறைந்த சத்தத்தில் ரெக்கார்டை ஓடவிடுங்கள். 33⅓ வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. அந்தச் சுற்றுக்கு ஏற்ப வூஃபர் ஆடினால், ரெக்கார்டு வெயிலில் வளைந்திருக்கலாம். இந்த ஆட்டம் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதால் காதுக்குக் கேட்காது, கண்ணுக்கு மட்டும் தெரியும்.

3. ஊசியைத் தூக்கினதும் ஆட்டம் நின்றால் ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு. தூக்கிய பிறகும் ஒரே சீராக 'ம்ம்ம்' என்றால் அது மின்சார ஹம். டர்ன்டேபிளின் எர்த் ஒயர் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள்.

என்ன செய்யலாம்?

* முதல் வேலை, ஸ்பீக்கரையும் டர்ன்டேபிளையும் பிரித்து வைப்பது. அறை மூலையில் பேஸ் தேங்கும் என்பதால் டர்ன்டேபிளை அங்கே வைக்க வேண்டாம்.
* ஸ்பீக்கருக்கு அடியில் தடித்த ரப்பர் பேட் வையுங்கள். 'பேஸ்', 'லவுட்னஸ்' பட்டன்களைக் குறையுங்கள்.
* டர்ன்டேபிளின் மூடியும் சத்தத்தை வாங்கி அதிரும். கழற்றிவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.
* ஸ்பிரிங் வைத்த பழைய மாடல் என்றால், லாரியில் ஏற்றும்போது முடுக்கிய பூட்டு ஸ்க்ரூவைத் தளர்த்தினீர்களா என்று பாருங்கள்.
* ஊசியின் எடையைக் கம்பெனி சொன்ன அளவில் வையுங்கள்.
* வூஃபர் மட்டும் ஆடினால், ஆம்ப்ளிஃபையரில் 'சப்சோனிக் ஃபில்டர்' இருந்தால் போட்டுவிடுங்கள்.

ரயில் பாதை, ஹைவே பக்கம் வீடா?

சென்னையிலிருந்து விழுப்புரம் போகும் ரயில் பாதையும், சென்னை - திருச்சி நெடுஞ்சாலையும் திண்டிவனம் வழியாகத்தான் போகின்றன. இவற்றை ஒட்டிய வீடுகளில் ரயிலோ லாரியோ போகும்போது தரை அதிர்வதும் ஊசிக்குப் போகலாம். அங்கே தரையில் நிற்கும் மேசையை விட, கனமான செங்கல் சுவரில் பதித்த கடப்பா கல் அலமாரி நல்லது. ஆனால் அதே கல்லின் மேல் ஸ்பீக்கரை வைத்தால் பழைய கதைதான்.

கண்டுக்காம விட்டா?

ஓலம் நீடித்தால் வூஃபரின் காயில் கருகலாம்; அப்போது நிஜமாகவே ஸ்பீக்கர் போகும். ஊசி எகிறி ரெக்கார்டில் கீறலும் விழலாம். ஸ்பீக்கரைப் புதிதாக வாங்கிவிடலாம். அப்பா சேர்த்து வைத்த ரெக்கார்டுக்கு மாற்று கிடைப்பது சந்தேகம்.

இத்தனையும் செய்தும் சரியாகவில்லை என்றால் மெக்கானிக்கிடம் போங்கள். போனதும் 'வூஃபர் மாத்துங்க' என்று சொல்லாமல், மூன்று சோதனையிலும் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.